இடக்கைச் சுற்று

பிளம்பருக்குக் கோபம் வருவதற்குக் காரணம் தேவையில்லை. கோபம் முதலில் வந்துவிடும். காரணம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக வந்து சேரும். அன்றைக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தே, ஒரே ஸ்கூட்டரில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணி. தங்கை வீட்டு கேட்டைத் திறந்தார். நான்கு வருஷமாக அவர் கை படாத கேட் அது. இரண்டு மாதத்துக்கு முன் தங்கை புருஷன் இறந்தபோதுகூட வெளியிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டு, அங்கிருந்தபடியே வீட்டுக்குத் திரும்பிய மனிதர்.

உள்ளே கால் வைத்ததும் உறைத்தது, சத்தம் இல்லை என்பது. அந்தத் தோட்டத்தில் எப்போதும் தண்ணீர் விழும் சத்தம் இருக்கும். மாப்பிள்ளை தன் கையால் கட்டிய குளம், தன் கையால் அடுக்கிய கல் அருவி. இப்போது கற்கள் காய்ந்து வெளுத்திருந்தன. குளம் பச்சையாக, கெட்டியாக, மூச்சில்லாமல் கிடந்தது. மேற்பரப்பில் எட்டு வாய்கள் திறந்து திறந்து மூடின. சிவப்பு மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு முழங்கை நீளம்.

தங்கை குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு வாளியால் தண்ணீரை மொண்டு, உயர்த்தி, திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பது அவள் தோள் நடுங்கியதிலேயே தெரிந்தது.

"மூணு செத்துப்போச்சு" என்றாள், திரும்பாமல். "சாயந்திரத்துக்குள்ள தண்ணி ஓடலைன்னா மிச்ச எட்டும் போயிடும். அதுவும் போச்சுன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்ததையே நான் மறந்துடுவேன்."

"கூப்பிட்டதும் ஓடி வந்தேன்ல? வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?"

"நான் கூப்பிட்டேன், வந்தே. அவரு சாகறதுக்கு முந்தின நாள் மூணு தடவை கூப்பிட்டாரே. அப்ப எங்க போயிருந்தே, அண்ணே?"

"வேலையில இருந்தேன்."

உண்மையில் அவர் வீட்டில், டிவி முன்னால், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்தார், வெட்டினார். மனைவி யாரென்று கேட்டதற்கு "ராங் நம்பர்" என்றார். மூன்றாவது தடவை அவள் சொன்னாள்: "பாவம், அந்த ராங் நம்பருக்கு உங்களை விட்டா வேற யாரும் இல்லை போல."

அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். குடும்பத்திலேயே ஒரு பிளம்பர் மச்சான் இருக்கும்போது, குளம் கட்ட அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலர் பென்சிலால் படம் வரைந்தார். குளத்தின் அடியிலிருந்து குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் தானாகவே மூன்று டிரம்முக்கு வரும். முதல் டிரம்மில் கசடு அடியில் தங்கும். இரண்டாவதில் பஞ்சு வடிகட்டும். மூன்றாவதில் மோட்டார் உட்கார்ந்து, சுத்தமான தண்ணீரை அருவிக்குத் தள்ளும். படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடிக்குழாய்க்கு நாலு இஞ்ச் போட வேண்டிய இடத்தில் ஒன்றரை இஞ்ச் போட்டிருந்தார். யானைக்குத் தண்ணீர் காட்ட ஸ்ட்ரா வைத்த மாதிரி.

குளம் திறந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் பிளம்பர் அதைச் சொன்னார். மாப்பிள்ளை சிரித்தபடி பதில் சொன்னார்:

"நீங்க பைப் வேலையைப் பாருங்க மச்சான். யோசிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்."

முப்பது பேர் சிரித்தார்கள். பிளம்பரின் மனைவியும் சிரித்தாள். அதை அவர் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை.

அந்தச் சிரிப்புக்குச் சற்று முன் மூன்றாவது டிரம்மை எட்டிப் பார்த்தபோது அவர் கண்ணில் இன்னொரு விஷயமும் பட்டிருந்தது. அதைச் சொல்லவும்தான் வாயைத் திறந்து வைத்திருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டதும் மூடிக்கொண்டார். நான்கு வருஷமாக அந்த வாய் மூடியே இருந்தது.

"சமையலறையில இருக்கற மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கு" என்றார் தங்கையிடம். "பிடுங்கி கையிலேயே வச்சுக்கோ. கீழே வைக்காதே. நான் சொல்ற வரைக்கும் அது உன் கையை விட்டுப் போகக் கூடாது."

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி வந்து காட்டினாள். பொத்தி வைத்துக்கொண்டாள். திரும்பவும் வாளியை எடுத்தாள்.

மோட்டார் அறை தோட்டத்தின் கடைசியில், மூன்று படி கீழே இறங்கும் பள்ளத்தில் இருந்தது. தகரக் கூரை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் முழங்கால் வரை குளிர்ந்தது. சேறு நாற்றம், மீன் கவிச்சி, நனைந்த பஞ்சின் ஊசல் வாடை. அவற்றுக்கெல்லாம் மேலே, மெல்லிசாக, இங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வாசனை.

பென்சில் சீவிய வாசனை.

"செத்தும் தொல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு டார்ச்சைப் போட்டார்.

மூன்று நீல டிரம்களும் வரிசையாக நின்றன. மாப்பிள்ளையை இந்த அறையில்தான் கண்டெடுத்தார்கள், மூன்றாவது டிரம்மில் இடது கையை விட்டபடி, உட்கார்ந்த நிலையில். டாக்டர் மாரடைப்பு என்றார். ஃபியூஸ் போகவில்லை, மோட்டாரும் நிற்கவில்லை, யாரும் வேறு காரணம் தேடவில்லை. அதன்பின் பஞ்சைக் கழுவ ஆளில்லாமல் இரண்டு மாதம் எல்லாம் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான் இன்றைய கோளாறு.

முதல் இணைப்பைக் கழற்றினார். மரை மேல் சுற்றியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார். குழாய் எந்தப் பக்கம் இறுகுகிறதோ அந்தப் பக்கம்தான் டேப்பைச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் இறுக்க இறுக்க டேப் பிரிந்து, தண்ணீர் கசியும். மாப்பிள்ளை இடக்கைக்காரர். எல்லா டேப்பையும் இடப்பக்கமாகவே சுற்றியிருந்தார். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, அந்தச் சுற்றைப் பார்த்தால் போதும், அவர் வேலை என்று சொல்லிவிடலாம்.

"இன்ஜினியர்! பெரிய இன்ஜினியர்!" என்று திட்டிக்கொண்டே பழைய டேப்பை உரித்தார். கசடை வாரினார். பஞ்சைக் கழுவினார். அடைத்த குழாயில் கம்பி விட்டுக் குடைந்தார். ஏழு இணைப்புகளுக்கும் புது டேப்பை வலப்பக்கமாகச் சுற்றி, கையால் இறுக்கி, அதற்குமேல் ரெஞ்ச்சால் ஒன்றரைச் சுற்று. ஒன்றரைதான் கணக்கு. அதாவது, கால் கால் சுற்றாக ஆறு தடவை. அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் விரிந்து உடையும். இருபத்தெட்டு வருஷ வேலையில் அவர் அதைத் தாண்டியதில்லை.

மேலே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினார்.

ஏழு இணைப்பும் கழன்று கிடந்தன.

ஏழு மரையிலும் டேப் சுற்றியிருந்தது. புது டேப். ஈரமாக.

இடப்பக்கமாக.

வேறொருவராக இருந்தால் அந்த மூன்று படியையும் ஒரே தாவலாகத் தாவியிருப்பார். பிளம்பருக்குக் கோபம் வந்தது. படியேறித் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "ஏய், நீ கீழே வந்தியா?"

"நான் எதுக்கு வரேன்?" வாளிச் சத்தத்தோடு பதில் வந்தது. "அந்த ரூமுக்குள்ள நான் இனிமே காலை வைப்பேனா?"

திரும்பவும் ஏழையும் உரித்தார். திரும்பவும் சுற்றினார். இந்தத் தடவை ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோடு ஒரு நூல் விலகினாலும் தெரிந்துவிடும். வெளியே போகவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, ரெஞ்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டையே பார்த்தார்.

கூரைத் தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிந்தது.

பென்சில் வாசனை கொஞ்சம் நெருங்கி வந்தது.

முதல் கோடு விலகியது.

யாரோ அவசரமே இல்லாமல், வேலை தெரிந்தவர் மாதிரி, கழற்றினார்கள். கீச். கீச். கீச். பிறகு இரண்டாவது இணைப்பு.

"யோவ் மாப்பிள்ளை!" பிளம்பர் எழுந்து நின்று ரெஞ்ச்சை ஓங்கினார். குரல் ஓங்கிய அளவுக்குக் கை ஓங்கவில்லை. "உன் பொண்டாட்டி மேல காலையிலேர்ந்து வாளியில மொண்டு ஊத்திட்டு இருக்கா. உன் மீனுக்காகத்தான்யா வேலை பாக்கறேன். என் மேல இருக்கற கோபத்தை மீன் மேல காட்டாதே!"

யோசிக்கிற மாதிரி கீச்சொலி நின்றது.



நல்ல சமயம் என்று அவர் மூன்றாவது டிரம்முக்குப் போனார். மோட்டாரின் வாயில் பாசி அடைத்திருக்கும், அதைப் பிடுங்கினால் பாதி வேலை முடிந்தது. ஃபியூஸ் தங்கையின் கைக்குள் இருக்கிறது, பயமில்லை. சட்டைக் கையை மடித்து, தோள் வரை உள்ளே விட்டார். பாசி விரலில் வழுக்கியது. மோட்டார் தட்டுப்பட்டது. வயர் தட்டுப்பட்டது.

பிறகு இன்னொரு கை தட்டுப்பட்டது.

அது அவர் மணிக்கட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டது. வெறுப்போ வேகமோ இல்லாத பிடி. கையால் இறுக்குவது என்பார்களே, அந்த அளவு. கட்டை விரல் எந்தப் பக்கம் அழுந்துகிறது என்று கவனித்தார்.

இடது கை.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். மரியாதை குறையாத குரல்.

"மச்சான். அன்னிக்கு இதுக்குள்ள எட்டிப் பாத்தீங்களே. என்ன பாத்தீங்க?"

"ஒ... ஒண்ணும் பாக்கலை."

பிடி திரும்பியது. உலகத்து மரையெல்லாம் எந்தப் பக்கம் தளருமோ, அந்தப் பக்கம் திரும்பி, இறுகியது.

கால் சுற்று.

"இருட்டா இருந்துச்சு மாப்பிள்ளை. எனக்கு ஒண்ணும் தெரியலை."

கால் சுற்று.

"நான் கண்ணாடி போட்டுட்டு வரலை அன்னிக்கு!"

கால் சுற்று. தோல் முறுக்கிக்கொண்டது. முழங்கை தானாக வளைந்தது.

"பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? என் தங்கச்சி புருஷன்யா நீ!"

கால் சுற்று. எலும்புக்குள் எதுவோ நொறுங்கப் பார்த்து, முடிவை ஒத்திப் போட்டது.

"அப்ப போன் பண்ணினேனே, மச்சான்."

"போன் சைலன்ட்ல இருந்துச்சு!"

கால் சுற்று.

ஐந்து. பிளம்பருக்கு எண்ணிக்கை தெரியும். ஆறு வரை தாங்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்பதை அவர் எத்தனையோ குழாய்களில் பார்த்திருக்கிறார்.

"பாத்தேன்யா!" என்று அலறினார். அந்தத் தகரக் கூரை அதிர்ந்தது. "வயரைப் பாத்தேன்! மோட்டார் வயரை ரெண்டா வெட்டி, கறுப்பு டேப்பைச் சுத்தி, தண்ணி மேலேயே தொங்க விட்டிருந்தே! ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் ஷாக் அடிக்கும்னு பாத்ததுமே தெரியும்! சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ என்னை முப்பது பேர் முன்னாடி முட்டாளாக்கினே. நல்லா அனுபவின்னு விட்டுட்டேன்! போனையும் நான்தான் கட் பண்ணினேன்! போதுமா? போதுமா உனக்கு?"

பிடி விலகியது.

முறுக்கிய ஐந்து கால் சுற்றையும் திருப்பித் தளர்த்தவில்லை. அப்படியே விலகியது. அந்த வித்தியாசம் அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஏனென்றால் வாசலில் வெளிச்சம் மறைந்திருந்தது. மேல் படியில் தங்கை நின்றாள். அலறல் கேட்டு ஓடி வந்திருந்தாள். கை பொத்தியபடி இருந்தது.

"வயரைப் பாத்தே" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தலையை ஆட்டினார்.

"டிரம்முல கை வச்சா சுர்ருங்குது, மச்சானைக் கேட்டா சொல்லிடுவாருன்னு சொன்னாரு. நமக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கறதுல என்ன வெட்கம்னு சொன்னாரு. அதுக்குத்தான் மூணு தடவை கூப்பிட்டாரு." ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குரல் காய்ச்சின இரும்பு மாதிரி இருந்தது. "உன் கோபத்துக்கு நான் புருஷனைக் குடுத்துட்டு நிக்கறேன்."

"நான்..."

"வேலையை முடி. மீனு செத்துட்டு இருக்கு."

"முடிக்கறேன். பழைய ஜாயிண்டை வெட்டிட்டு முழு வயரா மாத்திடறேன். கையை வெளிய எடுத்துட்டுக் குரல் குடுக்கறேன். அப்புறம் ஃபியூஸைப் போடு. அதுக்கு முன்னாடி போட்டுடாதே."

அவள் ஃபியூஸை இறுகப் பிடித்தபடி திரும்பி நடந்தாள். சரளைக் கல்லில் அவள் கால் சத்தம். படியில் கால் சத்தம். சமையலறைக் கதவின் கீல் சத்தம்.

அப்புறம் சத்தமே இல்லை.

பிளம்பர் டிரம்மைப் பார்த்தார். ஓடிவிடலாம். ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. தோட்டத்துப் பக்கமிருந்து மீன்கள் வாய் பிளக்கும் மெல்லிய சப்பு சப்பு சத்தம் வந்தது. எட்டு வாய்கள். அவர் தன்னையே நாலு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டு, பையிலிருந்த புது வயரை எடுத்து, திரும்பவும் தோள் வரை கையை உள்ளே விட்டார்.

டார்ச் அவர் வேலை பார்க்கும் இடத்தில் வெளிச்சம் காட்டவில்லை. வெட்டிப் போட்ட பழைய வயர் ஜாயிண்டின் மேலேயே காட்டியது. நேராக வைத்தார். உருண்டு திரும்பியது. மறுபடி நேராக வைத்தார். மறுபடி திரும்பியது. மூன்றாம் தடவை விட்டுவிட்டார். தடவிப் பார்த்தே வேலையைச் செய்தார். ஒவ்வொரு நொடியும் உடம்பு மொத்தமும் அந்தச் சமையலறைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. மோட்டாரின் மூடியை முடுக்கினார். மோட்டாரை உட்கார வைத்தார். ஏழு இணைப்பையும் மீண்டும் சுற்றி இறுக்கினார். இந்தத் தடவை யாரும் கழற்றவில்லை. கடைசியாக ஒரு முறை உள்ளே கைவிட்டு மோட்டாரை நேராக்கி, கையை வெளியே இழுத்தார்.

குரல் கொடுக்க மூச்சை உள்ளே இழுத்தார்.

கொடுக்குமுன் மோட்டார் உறுமியது.

கை வெளியே வந்து அரை நொடிகூட ஆகியிருக்காது. அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். குழாய்கள் இருமின, காறின, பிறகு தண்ணீர் ஓடத் தொடங்கியது. தூரத்தில் அருவி கல் மேல் விழுந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த மிக நல்ல வேலை அதுதான்; அதைச் சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது.

அவர் படியேறி வந்தபோது கேட்டருகே தங்கை நின்றிருந்தாள். மீன்கள் அடியில் இறங்கிவிட்டன. தண்ணீர் மேல் வெறும் வெயில்.

அவருக்கு உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பிவிட்டது. "குரல் குடுக்கறதுக்குள்ள போட்டுட்டியே! ஒரு நொடி முந்தியிருந்தா நான் போயிருப்பேன். கொஞ்சம் பொறுத்தா என்ன?"

அவள் அவரைப் பார்த்தாள். பொத்திய கையை விரித்தாள்.

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ். வியர்வையில் நனைந்து. உள்ளங்கையில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"போடத்தான் போனேன்" என்றாள் மெதுவாக. "நீ உள்ள கையை விட்டிருக்கும்போதே போடணும்னுதான் போனேன். பெட்டி முன்னாடி நின்னேன். அவ்வளவு நேரமும் நின்னேன். என்னால முடியலை."

அருவி விழுந்துகொண்டிருந்தது. மோட்டார் சீராக உறுமியது.

"போ" என்றாள். அவள் பேச்சில் 'அண்ணே' நின்றுபோய் நெடுநேரமாகியிருந்தது என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். "அவருக்குக் கோபம் போகலை. மீனுக்காக நிறுத்தி வச்சிருக்காரு. போயிடு."

வெயில் சாய்வதற்குள் பிளம்பர் வீடு போய்ச் சேர்ந்தார். ஸ்கூட்டர் ஹாண்டிலை வலது கையால் முறுக்க முடியவில்லை. முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டே வந்தார். மனைவி கதவைத் திறந்தாள். கையைத்தான் முதலில் பார்த்தாள்.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம், கருநீலமாக. அதன் கீழே தோல் ஒரு பக்கமாக முறுக்கிய துணி போலச் சுருண்டிருந்தது. இடப்பக்கமாக.

"ஐயையோ, என்னங்க இது? யாரு பண்ணினது?"

பொய் சொல்லியே பழகிய வாய். அது பழக்கப்படிதான் திறந்தது.

"ஒண்ணுமில்லைடி. பைப் இடிச்சுடுச்சு."

பென்சில் சீவிய வாசனை வந்தது.

கால் சுற்று.

ஆறு.

"பைப் இடிச்சா விரல் தடமா விழும்?" மனைவி விடவில்லை. கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "உண்மையைச் சொல்லுங்க. அங்க என்ன நடந்துச்சு? இது இடது கைத் தடமாச்சே. உங்க மாப்பிள்ளை நிஜமா எப்படிங்க செத்தாரு?"

பிளம்பர் அவள் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வாய் திறந்தே இருந்தது.